கல்மேட்டுக்காக எழுதிய மனு

1

பினாங்குத் துறைமுகத்தில் நான் கப்பலைவிட்டு இறங்கிய நாள் இந்த மாதத்தில்தான் வருகிறது. வருஷந்தோறும் அன்றைக்கு என் மனைவி பாசிப்பருப்புப் பாயசம் வைப்பாள். இந்த வருஷம் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே என் மகள் ரஞ்சிதம் கேட்டாள்.

"இன்னைக்கு யாருக்குப்பா பொறந்தநாள்?"

"யாருக்கும் இல்லம்மா. நாம இந்த ஊருக்கு வந்த நாள்."

"நான் வரலியே அப்பா. நான் இங்கேயேதானே இருந்தேன்."

சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தாள். நான்தான் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிராணி வீட்டில் பிறந்தவள் அவள். என் சொந்த ஊரான நாகப்பட்டினத்தை அவள் பார்த்ததில்லை. எனக்கோ, கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த ஊர்க் கடற்காற்றில் காயும் வலைகளின் நாற்றம் மூக்கில் ஏறுகிறது.

தாய்நாட்டில் பத்திரிகை நடத்தும் நண்பர், மலாய்நாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பும்படி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கிருந்து எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொர்க்கம் என்கிறார்கள்; மீதிப் பேர் நரகம் என்கிறார்கள். அந்த இரண்டையும் எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்தவர் குறையை எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். ஆகவே நான் எழுதிய மனு ஒன்றின் கதையைச் சொல்கிறேன். நான் எழுதியது என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. படித்தால் தெரியும்.

2

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டபின் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து சிலிபினில் குடியேறினேன். கோர்ட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறேன். 'ரைட்டர் அண்ணே' என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஊர் ஆபீசுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் துரை பார்ப்பதற்கு முன்னால் வாசலில் இருக்கும் சேவகன் பார்க்கிறான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓரம் விடவில்லை, முத்திரை கோணலாக ஒட்டியிருக்கிறது, நாலாக மடித்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கத் தெரியும். ஒரு கிழவருடைய மனு மூன்று தடவை திரும்பி வந்தது. நாலாவது தடவை அவர் அதை ஒரு தாம்பாளத்தில் விரித்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். சேவகன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

தமிழில் எழுதுவது என் வேலை. இங்கிலீஷ் வேண்டியவர்களுக்கு முன்பெல்லாம் ஒரு டைப்பு குமாஸ்தாவைப் பிடிப்பேன். ரஞ்சிதம் பதின்மூன்று வயதை எட்டியதும் அந்த வேலை அவளிடம் வந்துவிட்டது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் கன்னிமாடத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டில் எங்களோடு பேசுவது தமிழ். அதில் மலாய் எங்கே வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒருநாள் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். "தாப்பா" என்றாள். "என்னம்மா தரணும்?" என்று கேட்டேன். "தாப்பா, தாப்பா" என்று அழுதாள். நான் மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். மலாய்க்காரர்கள் 'பரவாயில்லை' என்பதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று என் மனைவி சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உரைநடையின் வகைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. நடந்ததைச் சொல்வது ஒரு வகை, ஒன்று எப்படி இருக்கிறது என்று காட்டுவது ஒரு வகை, ஏன் அப்படி என்று விளக்குவது ஒரு வகை, படிக்கிறவர் மனசை நம் பக்கம் திருப்புவது ஒரு வகை என்று கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள்.

"இதெல்லாம் நமக்கும் உண்டு" என்றேன். "எங்க ஊர்ல கல்யாணக் கடுதாசின்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி வரும். சாவுக் கடுதாசின்னா மூலையில கரி. தபால்காரர் தெருமுனையில வர்றப்பவே எந்த வகைன்னு தெரிஞ்சிடும். தமுக்கடிச்சு 'இதனால் சகலமானவர்களுக்கும்'னு ஒருத்தன் ஆரம்பிச்சான்னா, அது சர்க்கார் சொல்றது. அழுதாலும் மாறாது."

"மனசைத் திருப்புறதுக்கு என்ன தடவுவாங்க?" என்று கேட்டாள்.

தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில் பத்திரம் எழுதுகிறவர்களைப் பார்த்துத் தொழில் கற்றவன் நான். அவர்கள் புகழைத் தடவுவார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முத்தம்மாவும் அவளுடைய கொழுந்தன் சின்னானும் சிலிம் ரிவரிலிருந்து ரயிலேறி வந்தார்கள். நான் கிராணியாக இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் முத்தம்மா பால்மரம் வெட்டினாள்; பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிறகு பெரிய துரையின் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போட்டார்கள். நாற்பது வயதிருக்கும். நின்ற இடத்தில் நின்று பேசுகிறவள். சின்னான் அப்படியல்ல; உட்காரச் சொன்னால்கூட யோசிப்பான்.

"கல்மேட்டுல குச்சி அடிச்சிட்டாங்க ரைட்டரண்ணே" என்றாள் முத்தம்மா.

கல்மேடு என்பது அந்தத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது கூலியாட்களின் வீட்டு வரிசைகளுக்கு, பின்னால் இருக்கும் சரிவு. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் காய்ச்சலில் செத்தவர்களை முதலில் அங்கே புதைத்தார்கள். அதற்குப் பிறகும் அங்கேதான். பெயர் எழுதிய கல் ஒன்றும் கிடையாது. ஆற்றங்கல் வைத்த மேடுகள், அங்கங்கே துளசி, மழைக்கு வெளுத்த மண்சட்டிகள், அவ்வளவுதான். முத்தம்மாவின் புருஷன் அங்கே இருக்கிறான். அவன் பக்கத்தில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பங்களாவுக்குப் புதிதாக வந்த துரை அந்தச் சரிவையும் உழுது ரப்பர் நாற்று வைக்கச் சொல்லிவிட்டார். அளவுக்குச்சி அடித்தாயிற்று.

"அந்த மேட்டுல மரம் எங்கண்ணே வளந்து ஏறும்? வெறும் கல்லு" என்றான் சின்னான். "ஓரத்துல வச்ச நாத்தே குச்சி குச்சியா நிக்குது."

நான் மைக்கூட்டைத் திறந்தேன். வழக்கம்போல என் கை ஓடிற்று. சகல சம்பத்தும் நிறைந்து, கருணாமூர்த்தியாய், ஏழைகளுக்குத் தாயும் தந்தையுமாய் விளங்கும் துரையவர்களின் பாதாரவிந்தங்களுக்கு அடியார்கள் அநேக கோடி நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இரண்டு பக்கம் நிறைந்த பிறகு வாசித்துக் காட்டினேன். சின்னான் கையெடுத்துக் கும்பிட்டான்.

ரஞ்சிதம் தாளை வாங்கி இங்கிலீஷில் பெயர்க்க உட்கார்ந்தாள்.

"பாதாரவிந்தம்னா என்னப்பா?"

"தாமரை மாதிரி பாதம்."

"தொரை காலைத் தாமரைன்னு எழுதினா சிரிப்பாங்கப்பா."

முத்தம்மா நிஜமாகவே சிரித்தாள். "அது பூட்ஸுக்குள்ளயே வெந்து வெள்ளப் பூசணியாட்டம் இருக்கும். நான் பாத்திருக்கேன்."

"அப்பா, இவங்க என்ன கேக்குறாங்கன்னு ரெண்டாவது பக்கத்துலதான் வருது. தொரை ரெண்டாவது பக்கத்துக்கு வருவாரா?"

எனக்குக் கோபம் வந்தது. தகப்பன் எழுத்தைப் பதின்மூன்று வயதுப் பெண் வெளியாட்கள் முன்னால் திருத்துவது நான் வளர்ந்த வீட்டில் நடக்காத காரியம். ஆனால் அவள் கேலியாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீ எப்படி எழுதுவே?" என்றேன்.

4

அவள் கேட்கக் கேட்க அவர்கள் சொன்னார்கள். முதலில் எப்போது புதைத்தார்கள், யார் அனுமதி கொடுத்தது, எந்த எல்லைவரை, இப்போது என்ன நடக்கிறது. பிறகு அந்த மண்ணில் மரம் ஏன் ஏறாது என்பது. கடைசியில், சரிவை விட்டுக்கொடுத்தால் லயத்து ஆட்களே ஓய்வு நாளில் ஆற்றோரத்துப் புதரை வெட்டிக் கொடுப்பார்கள், அங்கே நாற்று வைக்கலாம் என்பது. இந்தக் கடைசி யோசனை என்னுடையது. கேட்கிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று தாழ்வாரத்துப் பத்திரக்காரர்கள் எனக்குச் சொல்லித் தந்ததில் அது ஒன்று உருப்படியானது.

பகல் சாப்பாடு முடிந்தது. முத்தம்மா கொண்டுவந்திருந்த மரவள்ளிக்கிழங்கை என் மனைவி அவித்துத் தேங்காய்ப் பூவோடு வைத்தாள். ரஞ்சிதம் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ஒரு பக்கம்தான். எனக்கே மனசுக்குள் பெருமையாக இருந்தது.

முத்தம்மா முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "எல்லாம் சரிதான் பாப்பா. ஆனா நெலத்தப் பத்திக் கேட்ட மாதிரி இருக்கு. அங்க படுத்துக் கெடக்கிறவங்களப் பத்தி ஒண்ணும் இல்லியே."

"அழுகிற மாதிரி எழுதினா இங்கிலீஷ்ல நல்லா இருக்காது அக்கா."

"நான் அழச் சொல்லல." முத்தம்மா ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினாள். "தொரைக்கு ஒரு தம்பி இருந்தாரு. பெரிய சண்டையில போயிட்டாரு. படம் மேசை மேல இருக்கு. நான்தான் தொடைக்கிறேன். நான் தொடைக்கிறப்ப தொரை படிக்கிறத நிறுத்திடுவாரு. கீழ வைக்கிற வரைக்கும் என் கையவே பாத்துக்கிட்டு இருப்பாரு."

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே, அந்த ஐரோப்பிய யுத்தத்தில் செத்தவர்களுக்காகப் புதிதாக ஒரு கல் எழுப்பியிருக்கிறார்கள். அதன் முன்னால் வருஷத்தில் ஒருநாள் துரைமார்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

"தொரைசானி ஒருநாள் மலாய்ல சொன்னாங்க" என்று முத்தம்மா தொடர்ந்தாள். "அந்தத் தம்பிய எங்க பொதைச்சாங்கன்னே தெரியாதாம். தேடித் தேடிப் பாத்தாங்களாம். அத எழுதுங்க."

"ஐயோ அண்ணி, வேணாம்!" சின்னான் எழுந்தே விட்டான். "சோத்துல மண்ணப் போட்டுக்காத. வேலையவிட்டுத் தொரத்திடுவாரு."

எனக்கும் அது சரியாகப் படவில்லை. "முத்தம்மா, ஒரு மனுஷனோட வீட்டுத் துக்கத்தக் கையில எடுத்துக்கிட்டுப் போய் அவன்கிட்டயே ஒண்ணு கேக்குறது நாயம் இல்ல. நீ அவரு வீட்டுக்குள்ள வேல பாக்குறவ."

"ஏன்ணே நாயம் இல்ல? நான் அவரத் திட்டலியே. ஏமாத்தலியே. எங்க வீட்டுச் சாவ நீங்க எழுதலாம், அவரு வீட்டுச் சாவ எழுதக் கூடாதா? ரெண்டும் சாவுதான?"

ரஞ்சிதம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். "என்ன எழுதணும், சொல்லுங்க அக்கா."

முத்தம்மா யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தொரையோட தம்பியும் மண்ணுக்குள்ள இருக்காரு. அந்த மண்ணு எங்க இருக்குன்னு தொரைக்குத் தெரியல. எங்காளுங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்சபடியே இருக்கட்டும்னுதான் கேக்குறோம்."

அதை இங்கிலீஷில் ஆக்க ரஞ்சிதத்துக்கு வெகுநேரம் பிடித்தது. எழுதுவாள், அடிப்பாள், உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். பெரிய சொல் ஏதாவது போடச் சொல்லி நான் யோசனை சொன்னேன். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள். முத்தம்மாவும் சின்னானும் பெருவிரல் ரேகை வைத்தார்கள்.

வண்டிக்குப் புறப்படும்போது சின்னான் மட்டும் பின்தங்கி, "அந்தக் கடைசிச் சங்கதிய எடுத்திருங்கண்ணே. அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்று கெஞ்சினான். எடுத்திருக்கலாம். முத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் விரலை வைத்த பிறகு அந்தத் தாளில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் தபாலில் சேர்த்தேன்.

5

பல நாள் ஒரு தகவலும் இல்லை. பிறகு தோட்டத்து ஆபீசிலிருந்து, மனு எழுதியவர் நேரில் வர வேண்டும் என்று ஆள் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி ரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலுக்கு இருபுறமும் பால்மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. தவறு நடந்திருந்தால் அது என் பேரில் இருக்கட்டும், பெண்ணின் பேரில் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

ஆபீசில் முத்தம்மா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். துரை மெலிந்த மனிதர். முகத்தில் வெயில் சிவப்பு. இங்கே தோட்டத் துரைமார்கள் தமிழ் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். புத்தகத்தில் இருக்கிறபடியே பேசுவார்கள்.

"இந்த எழுத்து யாருடையது?" என்றார்.

நான் வாயெடுக்குமுன் ரஞ்சிதம் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டாள். அவர் அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு முத்தம்மாவிடம் திரும்பினார்.

"என் தம்பியைப் பற்றி உனக்குச் சொன்னது யார்?"

முத்தம்மா துரைசானியின் பெயரை எடுக்கவில்லை. "படத்தத் தொடைக்கிறது நான்தானே தொரை. தொடைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"இதை எழுதச் சொன்னதும் நீயா?"

"நான்தான்."

அவர் கோபத்தில் எழுந்தார் என்றுதான் நினைத்தேன். ஜன்னலருகே போய் நின்றார். வெளியே சேகரித்த பாலை வாளி வாளியாகக் கொட்டி அளந்துகொண்டிருந்தார்கள். அவர் முதுகைப் பார்த்தபடி நாங்கள் மூவரும் நின்றோம். ரஞ்சிதத்தின் கை என் கைக்குள் வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார். மனுவை விரித்து, பேனாவால் முத்தம்மாவின் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். நிதானமாக, கோடு கோணாமல் அடித்தார். பிறகு ரஞ்சிதத்திடம் தமிழிலேயே சொன்னார்.

"இந்த வரிகள் இல்லாமல் வேறு தாளில் எழுது. நான் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். மண்ணைப் பற்றி எழுதியிருப்பதைப் பெரிதாக எழுது. அவர்கள் மண்ணைத்தான் படிப்பார்கள்."

அங்கேயே உட்கார்ந்து அவள் எழுதிக் கொடுத்தாள். அடித்த தாளைத் துரை குப்பையில் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச காலத்தில் கல்மேட்டிலிருந்து அளவுக்குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள். கம்பெனிக்குப் போன தாளைப் படித்தவர்கள், கல்நிலத்தில் மரம் ஏறாது என்ற காரணத்துக்காகத்தான் விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்தத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. ரஞ்சிதம் அன்றைக்கு என்னிடம், "அப்பா, அடிச்ச வரிதானே வேலை செஞ்சது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் அதற்கு ஒரு வகை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

முத்தம்மாவை, நாங்கள் போய்வந்த மறுவாரமே, பங்களா வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழையபடி பால்வெட்டு. துரை அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. தன் முகத்தைப் படித்துவிட்டவளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை போலிருக்கிறது. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு எழுந்து, மலையேறி மரம் வெட்டுவது அந்த வயதில் சுலபமல்ல. அவள் அதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

6

இந்த வருஷம் பொங்கல் கழிந்து சின்னான் வந்தான். துரை சீமைக்குத் திரும்பப்போகிறாராம், வேறு துரை வரப்போகிறாராம் என்றான். "அண்ணி உங்களையும் பாப்பாவையும் வரச் சொன்னாங்க. பெயிண்டும் பிரஷும் வேணுமாம்."

போனோம். கல்மேட்டின் அடியில், வண்டிப்பாதையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், ஆட்கள் ஒரு பலகையை நட்டு வைத்திருந்தார்கள். முத்தம்மா இளைத்திருந்தாள். கையில் பாலின் கறை ஏறியிருந்தது.

"எழுது பாப்பா" என்றாள்.

ரஞ்சிதம் பிரஷை என்னிடம் நீட்டினாள். "தமிழ்னா அப்பாதான் நல்லா எழுதுவாங்க அக்கா."

"தமிழ் எதுக்கு? இங்க யாரு இருக்காங்கன்னு எங்களுக்குத்தான் தெரியுமே. வரப்போற தொரைக்குல்ல தெரியணும். இங்கிலீசுல எழுது."

தமிழை விட்டு என் பெண் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எத்தனையோ நாள் என் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். அன்றைக்குப் பெயிண்டு டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். அவள் எழுதினாள். நாலே சொற்கள். எங்கள் மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று பொருள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள்.

"அவர் பீப்பிள் ஆர் ஹியர்."

"இன்னொருவாட்டி சொல்லு. புதுத் தொரை படிக்காமப் போனா நான் சொல்லணும்லா."

ரஞ்சிதம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். முத்தம்மா முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

"அவரா? அது நம்ம சொல்லுல்ல?"

"இல்லக்கா. இங்கிலீஷ்ல அது 'எங்களோட'ன்னு அர்த்தம்."

முத்தம்மா சரிவைத் திரும்பிப் பார்த்தாள். ஆற்றங்கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. புருஷன் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "எனக்கு அவருன்னே இருக்கட்டும்."

பிறகு லயத்தை நோக்கி இறங்கும் பாதை நெடுக, மறந்துவிடாமலிருக்க, அதையே சொல்லிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.